எந்த விரல், எந்த வேகம்? பைக் ஓட்டினால் கை மரத்துப்போவது ஏன்

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். சில்லறை அகப்படவில்லை. காசு உள்ளேதான் இருந்தது. இரண்டு ரூபாயா ஐந்து ரூபாயா என்று விரலுக்குத்தான் தெரியவில்லை. டீ டம்ளரைக் கையில் வாங்கினால் கட்டைவிரல் சுடுகிறது, சுண்டுவிரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரோ ஒருவருடைய விரலை என் கையில் ஒட்டவைத்தது மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து அதுவரை ஓட்டியது சுமார் 120 கிலோமீட்டர். திருச்சிக்கு இன்னும் 200க்கு மேல் பாக்கி.

வண்டி 150 சிசி. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறை சொல்ல முடியாது. ஹைவேயில் 85ஐத் தாண்டினால் மட்டும் ஹேண்டில்பாருக்குள் வண்டு புகுந்ததுபோல ஒரு ரீங்காரம் வரும். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஜெல் வைத்த கையுறை வாங்கினேன், ஹேண்டில்பார் நுனியில் மாட்டும் பார் எண்ட் வெயிட் வாங்கினேன், ஸ்பாஞ்ச் கிரிப் வாங்கினேன். காசு போனது, மரப்பு பாதிகூடப் போகவில்லை. பிறகு விழுப்புரத்துப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வேறு வேலையாக வண்டியை விட்டபோது, பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "எந்த வெரலு தம்பி மரத்துப்போவுது? எந்த ஸ்பீடுல?"

அதுவரை யாரும் கேட்காத கேள்விகள். நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்விகளும்தான். வேகத்தைச் சொன்னால் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். விரலைச் சொன்னால் அது கையில் எந்த இடத்தைப் பிடித்து அமுக்குகிறது என்று தெரிந்துவிடும். இந்த இரண்டும் தெரியாமல் வாங்கும் எந்தச் சாமானும் குருட்டு வைத்தியம்தான்.

நின்று திரும்பும் பிஸ்டன்

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது என்று சொல்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை அது நின்று திரும்புகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஓடுகிற பொருளை நிறுத்தவும் திருப்பவும் விசை வேண்டும். அந்த விசைக்குப் பதில் விசை பேரிங்குக்குப் போய், அங்கிருந்து எஞ்சின் கேஸ், ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார் என்று ஏறிக் கடைசியில் உள்ளங்கைக்கு வருகிறது.

எவ்வளவு விசை என்பதற்குப் பழைய புல்லட் 350 நல்ல உதாரணம். அதன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும்போது, உச்சியில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு. மேலும் கீழும் போகும் பாகங்கள் 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், 400 கிலோ மூட்டை ஒன்று தொங்குவதற்குச் சமமான இழுப்பு. இது நொடிக்கு 67 முறை வந்து போகிறது. அந்த மாதிரி வண்டியில் நட்டுகள் தானாகக் கழன்று விழுவதில் என்ன ஆச்சரியம்?

இதைச் சமாளிக்க, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கில் எதிர்ப் பக்கம் எடை வைக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல். பிஸ்டன் நேர்க்கோட்டில் போய் வருகிறது, எதிர் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. மேல்-கீழ் ஆட்டத்தை முழுக்கச் சமன் செய்யும் அளவுக்கு எடை வைத்தால், அதே அளவு ஆட்டம் முன்-பின்னாக வந்து நிற்கும். அதனால் ஏறத்தாழப் பாதியை மட்டும் சமன் செய்துவிட்டு, மிச்சத்தை இரண்டு திசைக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டி அதிர்வது தயாரித்தவரின் கவனக்குறைவு அல்ல, கணக்கே அப்படி. அந்த மிச்சத்தையும் அடக்க வேண்டுமென்றால் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு தண்டு வேண்டும். அதுதான் பாலன்சர் ஷாஃப்ட்.

பாலன்சர் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார் எஞ்சின்களுக்கு இந்த வழியைக் காட்டிவிட்டார். மோட்டார் சைக்கிளில் 1970களில் ஜப்பான் கம்பெனிகள் பரவலாகக் கொண்டுவந்தன. 1955இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய புல்லட்டின் 350 சிசி எஞ்சினுக்கு அது வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 2020இல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 வண்டியோடு வந்த புதிய எஞ்சினில்தான் பாலன்சர் இருந்தது. 2021இல் கிளாசிக்குக்கும் 2023இல் புல்லட்டுக்கும் அதே எஞ்சின் போனது. "போச்சு, தடதடப்பு போச்சு, இது புல்லட்டே இல்லை" என்று புலம்பும் அண்ணன்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சமாதானம். அந்தச் சத்தம் சைலன்சரிலிருந்து வருவது, இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. ஐடிலில் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் நொடிக்கு எட்டு வெடி. அந்த வெடிகளைப் பாலன்சர் தொடவே இல்லை. அது தொட்டது கையை மட்டும்தான்.

சுற்று இரண்டு மடங்கானால் அதிர்வு விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே எஞ்சினை 3,500க்குப் பதில் 7,000இல் ஓட்டுவது கொஞ்சம் கூடுதலாக அதிர்வது அல்ல, நான்கு பங்கு அதிர்வது. மணிக்கு 90 போவதை 78 ஆக்கினால் சுற்று ஏழில் ஒரு பங்கு குறையும், விசை கால் பங்கு குறையும். பத்துப் பைசா செலவில்லாத வைத்தியம் இது. திருச்சிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேரலாம்.

உதறல், தடதடப்பு, ரீங்காரம்

எந்த வேகம் என்ற கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வண்டியின் வேகமா, எஞ்சினின் வேகமா? கண்டுபிடிப்பது சுலபம். ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் ஐந்தாவது கியரில் 60 போய்ப் பாருங்கள், அதே 60இல் நான்காவது கியருக்கு இறக்கிப் பாருங்கள். அதிர்வின் தன்மை மாறினால் அது எஞ்சின் சமாச்சாரம். மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம் தேட வேண்டும்.

தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பது நல்லதாகப் போயிற்று. 17 அங்குலச் சக்கரம் மணிக்கு 80 கிலோமீட்டரில் நொடிக்கு 12 முறைகூடச் சுற்றுவதில்லை. சக்கரத்தில் சமநிலை இல்லாவிட்டால் ஹேண்டிலில் வருவது உதறல், கண்ணுக்கே தெரியும் ஆட்டம். பழைய புல்லட் போன்ற பெரிய ஒற்றைச் சிலிண்டர் 3,600 சுற்றில் தருவது நொடிக்கு 60 அதிர்வு, அதாவது 60 ஹெர்ட்ஸ். அது தடதடப்பு. என் 150 சிசி 90 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 7,500 சுற்றுக்குப் போகிறது. அது 125 ஹெர்ட்ஸ், ரீங்காரம்.

கை எதைக் கண்டு சீக்கிரம் சோர்கிறது? நாம் நினைப்பதற்கு நேர்மாறு. உதறலும் தடதடப்பும் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை, தோள் வரை ஏறிப் பரவிவிடுகின்றன. உடம்பு முழுக்க வலிக்கும், ஆனால் அடி ஒரே இடத்தில் விழாது. 100 ஹெர்ட்ஸைத் தாண்டியது மேலே ஏறாமல் உள்ளங்கையிலும் விரலிலுமே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு அதிர்வை உணர்வதற்கென்றே விரல் தோலுக்கடியில் வெங்காயம்போல அடுக்கடுக்காக அமைந்த நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. பாசினி என்ற இத்தாலியர் பெயரால் பாசினியன் உணர்விகள் என்பார்கள். அவை 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை உள்ள அதிர்வுக்குத்தான் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவை அவை பிடித்துவிடும். மணிக்கணக்கில் அதே அதிர்வைக் கொடுத்தால் சலித்துப்போய் அறிவிப்பதை நிறுத்திவிடும். டீக்கடையில் எனக்குக் காசு தெரியாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு.

நான்கு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் "வெண்ணெய் மாதிரி ஓடுது, ஆனால் விரல் மரத்துப்போகுது" என்று குழம்புவதன் காரணமும் இதுவே. நான்கு சிலிண்டரில், சுற்றுக்கு ஒரு முறை வரும் முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சுற்றுக்கு இரண்டு முறை வரும் சின்ன அதிர்வு மட்டும் மிஞ்சும். 8,000 சுற்றில் அது 267 ஹெர்ட்ஸ். அளவில் அற்பம், ஆனால் விழும் இடம் அந்த உணர்விகளின் உச்சிமண்டை.

தொப்பியில் அப்பும் ரவை

ஹேண்டில்பார் என்பது நடுவில் இறுக்கிப் பிடித்த ஓர் இரும்புக் குழாய். எந்தக் குழாயையும் தட்டினால் அதற்கென்று ஒரு சுருதி இருக்கும். எஞ்சினின் சுருதி அதோடு பொருந்தும் நேரத்தில் குழாய் பாட ஆரம்பிக்கும். 70இல் சும்மா இருந்த வண்டி 85இல் திடீரென்று கிர்ரென்று இரைவதும், 95இல் கொஞ்சம் அடங்குவதும் அதனால்தான். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெளிவாகத் தெரிகிறதா, கலங்கித் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடித் தண்டுக்கும் ஒரு தனிச் சுருதி உண்டு, அதனால் இது துல்லியமான சோதனை அல்ல. ஆனாலும் மோசமான வேகத்தைத் தோராயமாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

பார் எண்ட் வெயிட் செய்வது என்ன என்று மிருதங்கம் வாசிப்பவரிடம் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார். கச்சேரிக்கு முன்னால் இடந்தலையில், அதாவது தொப்பியில், ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள். தோலின் நடுவில் எடை ஏறினால் சுருதி இறங்குகிறது, நாதம் கனக்கிறது. அதே வேலைதான் இங்கேயும். குழாயின் நுனியில் எடை ஏற்றினால் அதன் சுருதி கீழே இறங்கி, நாம் ஓட்டாத வேகத்துக்குப் போய்விடுகிறது. கனமான நுனியை அசைக்கக் கூடுதல் விசை வேண்டும் என்பதால் ஆட்டமும் சிறுக்கிறது. ரவையை ஓரத்தில் அப்பினால் பலனில்லாததுபோல, எடையையும் அதிகம் ஆடும் இடத்தில், அதாவது நுனியில் வைத்தால்தான் பலன். ஹேண்டிலின் நடுவில் செல்ஃபோன் ஸ்டாண்டையும் சார்ஜரையும் மாட்டி எடை கூட்டுவதில் பிரயோஜனமில்லை.

ஆனால் கவனியுங்கள், எடை அதிர்வை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. 85இல் இருந்த ரீங்காரம் 70க்கு இறங்கினால், ஊரிலிருந்து ஆபீசுக்கு 70இல் போகிறவருக்கு அது நஷ்டம். இருபது கிராம் எடையுள்ள கலர் கலரான அலுமினிய மூடிகளை "வைப்ரேஷன் போய்டும் சார்" என்று விற்கிறார்கள். அவை அழகுக்கு மட்டும்தான். கையில் வைத்துப் பார்த்தால் கனக்க வேண்டும், இரும்போ பித்தளையோ இருக்க வேண்டும். சிலர் குழாய்க்குள் மீன் பிடிக்கும் ஈயக் குண்டுகளைப் போட்டு சிலிக்கான் சீலன்ட் விட்டு அடைக்கிறார்கள். குண்டுகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைச் சூடாக மாற்றிக் கரைப்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். கடற்கரை மணலை நிரப்பிய ஒரு நண்பர் இருக்கிறார். உப்பு குழாயை உள்ளிருந்து தின்ன, அடுத்த மழைக்காலம் முடிந்து புது ஹேண்டில்பார் வாங்கினார்.

கையுறை விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கசப்பானது. ஜெல் திண்டுகள் உயர்ந்த அதிர்வெண்ணை ஓரளவு குடிக்கும். சின்ன வண்டிக்காரருக்கு அதனால் சிறிது லாபம். தடதடப்பை அவை அப்படியே உள்ளே விட்டுவிடும். அதோடு, உள்ளங்கை தடிக்கத் தடிக்கப் பிடியைச் சுற்றிக் கையை மூட அதிக பலம் வேண்டியிருக்கிறது. ஸ்பாஞ்ச் கிரிப்புக்கும் இதே கதைதான். கை பெரியவருக்கு ஒத்துவரும். என்னைப்போல் சின்னக் கைக்காரர் தடித்த கிரிப் போட்டால் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இறுக்கம்தான் இந்தக் கதையின் வில்லன்.

கை ஏன் இறுக்குகிறது

தசையை அதிரச் செய்தால் அது தானாகச் சுருங்கும். நாம் சொல்லாமலே நடக்கும் அனிச்சைச் செயல் இது. ஹேண்டில் அதிர அதிர விரல்கள் தம்மையறியாமல் இறுகுகின்றன. இறுகப் பிடித்தால் கை ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டு அதிர்வு இன்னும் நன்றாக உள்ளே ஏறுகிறது. இதற்குள் தொடு உணர்வு மழுங்கியிருப்பதால் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதே தெரிவதில்லை, கழன்றுவிடுமோ என்று இன்னும் இறுக்குகிறோம். ஒன்றை ஒன்று வளர்க்கும் சங்கிலி. ஓட்டும்போது தோளைக் கவனித்துப் பாருங்கள். காதை நோக்கி ஏறியிருந்தால் கையும் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

இறுக்கத்தின் விலையை நரம்பு கொடுக்கிறது. கைக்கு உணர்வு கொண்டுவரும் நரம்புகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய குகை வழியாக வருகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி அதன் எல்லை. பெயர் மீடியன் நரம்பு. மற்றொன்று முழங்கையின் உட்புறம் வழியாக இறங்குகிறது. முழங்கை கதவில் இடித்தால் சுருக்கென்று ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். அல்நார் நரம்பு என்பார்கள். அது உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே இருக்கும் மேட்டின் வழியாகப் போய்ச் சுண்டுவிரலையும் மோதிர விரலின் மறுபாதியையும் கவனித்துக்கொள்கிறது. தொலைதூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்த மேடு அழுந்தியே விரல் மரத்துப்போகும்.

ஆக, சுண்டுவிரல் பக்கம் மரத்தால் உள்ளங்கையின் அடி மேட்டில் பாரம் விழுகிறது. உடம்பின் எடையைக் கையில் சாய்த்து ஓட்டுகிறீர்கள். சீட் முன்பக்கம் சரிந்திருக்கலாம், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் வழுக்கி வந்திருக்கலாம், முழங்காலால் டாங்கை அணைக்காமல் இருக்கலாம். முதுகும் வயிறும் சுமக்க வேண்டிய பாரத்தைக் கை சுமக்கிறது. முழங்கையை நீட்டி விறைப்பாக வைக்காமல் லேசாக மடித்து வைத்தாலே பாதி பாரம் இறங்கிவிடும். பிடிப்பதும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ரோடு கடக்கும்போது அதன் கையைப் பிடிப்பதுபோல் இருக்கட்டும். விடவும் கூடாது, நசுக்கவும் கூடாது.

கட்டைவிரல் பக்கம் மரத்தால் சந்தேகம் மணிக்கட்டின் மேல். மணிக்கட்டை மேல்நோக்கி மடித்தால் அந்தக் குகைக்குள் அழுத்தம் ஏறும். ஆக்சிலேட்டரைப் பழக்கதோஷத்தில் மேலிருந்து பிடித்துக் கீழே முறுக்குகிறோம், மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. முறுக்கத் தொடங்குவதற்கு முன்பே கையைச் சற்று முன்னால் தள்ளிப் பிடித்தால், ஓடும் வேகத்தில் மணிக்கட்டு நேராக நிற்கும். அப்புறம் லீவர். பல வண்டிகளில் கிளட்ச், பிரேக் லீவர்கள் ரோட்டுக்குப் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். விரலை அதன்மேல் வைக்க மணிக்கட்டை மேலே தூக்க வேண்டும். சீட்டில் வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணை மூடி, முன்கையையும் விரலையும் ஒரே கோட்டில் நீட்டிப் பாருங்கள். விரல் நுனி எங்கே போய் நிற்கிறதோ, லீவர் அங்கே இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு போல்ட்டைத் தளர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்து மறுபடி இறுக்கும் ஐந்து நிமிட வேலை. முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, லீவரோ கேபிளோ எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிளட்ச் கேபிளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இடது கை வாழ்த்தும்.

வலது கைக்குத்தான் எப்போதும் அதிகத் தொல்லை. இடது கையை அவ்வப்போது எடுத்துத் தொடையில் தட்டிக்கொள்ளலாம், வலது கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். ஆக்சிலேட்டரில் மாட்டி உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே போகும் சின்ன பிளாஸ்டிக் தட்டு ஒன்று கடையில் கிடைக்கிறது. விரலால் இறுக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கலாம், ஹைவேயில் அருமையான சாமான். ஊருக்குள் நுழையும்போது அதைத் திருப்பிவிட மறந்தால், பிரேக்குக்குக் கை நீட்டும் நேரத்தில் தட்டு அழுந்தி வண்டி முன்னால் பாயும். ஒரு தடவை மூலக்கடை சிக்னலில் எனக்கு வியர்த்துவிட்டது.

ஸ்பேனர் பிடிக்க வேண்டிய இடம்

என் கதைக்கு வருகிறேன். சுண்டுவிரல், 85 கிலோமீட்டர் என்று சொன்னதும் மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை ஃபிரேமோடு பிணைக்கும் ஃபவுண்டேஷன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பின்பக்கத்து மேல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததும் அது முக்கால் சுற்று சும்மா சுற்றியது. சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் எஞ்சினை இறக்கி ஏற்றியிருந்தார்கள், கடைசி முறுக்கு கொடுக்க மறந்திருக்கிறார்கள். "வெயிட்டு மாட்டி என்ன புண்ணியம் தம்பி? எஞ்சினே ஆடிக்கிட்டு இருக்குது" என்றார். போல்ட்டை இறுக்கினார், லீவரை ஓர் அங்குலம் கீழே சாய்த்தார். கிளம்பும்போது என்னை வண்டியில் உட்காரச் சொல்லித் தூர நின்று பார்த்துவிட்டு, "கையில படுத்துக்கினு ஓட்டாதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். வாங்கியது நூறு ரூபாய்.

எஞ்சின் போல்ட்டு தளர்ந்தால் அதிர்வு கூடும் என்பது யாருக்கும் தெரிந்தது. எல்லாம் இறுக்கமாக இருந்தும் அதிர்ந்தால் ரப்பரைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் எஞ்சினுக்கும், பலவற்றில் ஹேண்டில்பார் கிளாம்புக்கும் அடியில் ரப்பர் புஷ் இருக்கும். நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் அது கல்லாகிவிடும். ரப்பர் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு 1967இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோ சாட்சி. எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரம் பொருந்திய ஸ்விங்ஆர்ம் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக்கி ரப்பர் வழியாக ஃபிரேமில் தொங்கவிட்டார்கள். குறைந்த சுற்றில் வண்டி எலும்பு ஆட ஆடும், வேகம் பிடித்ததும் அமைதியாகிவிடும். ஆனால் அந்த ரப்பர் மவுண்டுகளில் விடும் இடைவெளியை அளந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் வளைவில் வண்டி நெளியும். ஆகவே இறுக்கமான எஞ்சின் மவுண்டை நாமாகவே ரப்பராக மாற்றும் விஷப்பரீட்சை வேண்டாம்.

சக்கரப் பக்கத்துக் கோளாறு என்று கியர் சோதனை காட்டினால் டயர் காற்று, சக்கர பாலன்ஸ், ஸ்போக் தளர்வு, ரிம் கோட்டம், செயின் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்குவது, ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட்டின் தேய்மானம் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் கை மரப்பதைவிடப் பெரிய ஆபத்துகள்.

கல் உடைத்தவர்கள் கற்றுக்கொடுத்தது

அதிரும் கருவியைப் பிடிக்கும் கைக்கு என்ன ஆகும் என்பதை மருத்துவத்துக்குத் தெளிவாகக் காட்டியது கல் குவாரி. 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில், காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து உணர்விழப்பதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். விரலின் சின்ன ரத்தக் குழாய்கள் கெட்டுப்போவதால் வருவது அது. பின்னால் மரம் அறுக்கும் செயின்சா பிடித்தவர்களிடமும் கண்டார்கள், ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர்களிடமும் கண்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தொழிலாளர்களுக்காக ஓர் எல்லை வகுத்தது. கையில் ஏறும் அதிர்வின் முடுக்கம், எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டால், நொடிக்கு நொடி 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேரத்தைப் பாதியாக்கினால் பாதிப்பின் அளவு பாதியாவதில்லை, நேரத்தைக் கால் பங்காக்கினால்தான் பாதியாகும். ஆனால் அதிர்வையே பாதியாக்கினால் அளவும் அப்படியே பாதியாகிவிடும். வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகும் நமக்கு இது வெறும் தகவல். காலை பதினொன்றுக்கு வண்டி எடுத்து இரவு பதினொன்றுக்கு இறங்கும் உணவு டெலிவரித் தம்பிகளுக்கு அப்படி இல்லை. அவர்கள் ஓட்டுவதும் பெரும்பாலும் இதே சின்ன வண்டிகள்தான், அவற்றில் பலவற்றில் ரப்பர் புஷ் கல்லாகி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

வண்டியை விட்டு இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரல் பழைய நிலைக்கு வந்தால் இதுவரை சொன்னவை போதும். மறுநாள் வரை மரப்பு இருந்தால், ராத்திரி தூக்கத்தில் கை எறும்பு ஊர்வதுபோல் ஆகி எழுந்து உதற வேண்டியிருந்தால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் விரல் வெளுத்தால் டாக்டரைப் பாருங்கள். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, பி12 குறைபாடு மூன்றும் வண்டியே ஓட்டாதவர் கையையும் மரக்க வைக்கும். சர்க்கரை இருப்பவருக்கு மணிக்கட்டு நரம்பு அழுந்தும் வாய்ப்பும் கூடுதல். கையோடு காலும் மரத்தால் ஹேண்டில்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

என் வண்டி இப்போதும் 85இல் கொஞ்சம் இரைகிறது, அது அதன் பிறவிக்குணம். 75இல் போகிறேன், கண்ணாடியில் லாரியின் நம்பர் பிளேட் வரை தெரிகிறது. போன மாதம் அதே திண்டிவனம் கடையில் நிறுத்தினேன். சில்லறையைத் தடவி எடுத்துவிட்டேன். டீதான் பன்னிரண்டு ரூபாய் ஆகிவிட்டது.